மருத்துவமனை ஊழியர்களுக்கு ஆன்டிபாடி பரிசோதனை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் ஒரு மருத்துவமனையின் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் எனக்கு வேலை. கொரோனா காலத்தில் ஊழியர்களுக்கு ஆன்டிபாடி (கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் புரதம்) பார்த்தபோது ஸ்டாஃப் நர்ஸ், ஹவுஸ் சர்ஜன், வார்டு ஆயா, செக்யூரிட்டி என்று ஆளுக்கொரு கேள்வியோடு வந்தார்கள். அந்தக் கேள்விகள் இன்னும் ஓயவில்லை. நாளைக்கு வேறொரு வைரஸ் பரவினாலும் இதையேதான் கேட்பார்கள் என்பதால் மொத்தமாக எழுதி வைக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் கொரோனாவிலிருந்து. நம்மிடம் நிறைய கணக்கு இருப்பது அதற்குத்தான்.

மூக்கில் குச்சி விட்டு எடுப்பதும் இதுவும் ஒன்றுதானே?

இல்லை. மூக்கிலும் தொண்டையிலும் ஸ்வாப் எடுத்துச் செய்யும் ஆர்டி-பிசிஆர், வைரஸ் இப்போது உடம்பில் இருக்கிறதா என்று பார்க்கிறது. ஆன்டிபாடி பரிசோதனை வைரஸையே தேடுவதில்லை. வைரஸ் வந்ததற்கு உங்கள் உடம்பு என்ன பதில் செய்தது என்று ரத்தத்தில் பார்க்கிறது. அதனால் அது சொல்வது பழைய கதை: உங்களுக்கு எப்போதோ தொற்று வந்து போயிருக்கிறது, அல்லது தடுப்பூசி வேலை செய்திருக்கிறது.

எனக்கு நேற்றிலிருந்து காய்ச்சல். ஆன்டிபாடி பார்த்தால் தெரிந்துவிடுமா?

தெரியாது. தொற்று ஏற்பட்டவுடன் ஆன்டிபாடி வந்துவிடாது. ஐஜிஎம் என்ற வகை தலைகாட்டவே ஒரு வாரம் போல ஆகும். நெடுநாள் நிற்கும் ஐஜிஜி நல்ல அளவுக்கு வர இரண்டு வாரமாவது வேண்டும். காய்ச்சல் வந்த இரண்டாம் நாள் ரத்தம் கொடுத்து, 'நெகட்டிவ்' என்று வாங்கிக்கொண்டு நைட் டூட்டிக்குப் போனால், வார்டு முழுக்கப் பரப்பிவிட்டு வருவீர்கள். காய்ச்சல் என்றால் ஸ்வாப் கொடுங்கள், முடிவு வரும் வரை வீட்டில் இருங்கள்.

2020-ல் சீனாவிலிருந்து ரேபிட் கிட் வந்து, திரும்பவும் அனுப்பினார்களே. அது இதுதானா?

அதே குடும்பம்தான். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம், கால் மணி நேரத்தில் கோடு விழும் அட்டை. 2020 ஏப்ரலில் ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) வாங்கி மாநிலங்களுக்குக் கொடுத்தது. பிசிஆரில் பாசிட்டிவ் வந்தவர்களுக்கே இதில் நெகட்டிவ் வருகிறது என்று புகார் கிளம்பியதும் ஏப்ரல் 21-ஆம் தேதி நிறுத்தி வைக்கச் சொன்னார்கள். சில நாளில் இரண்டு சீன நிறுவனங்களின் கிட்டுகளைத் திருப்பி அனுப்பவும் சொன்னார்கள். தமிழ்நாடும் அனுப்பியது.

கிட்டின் தரம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஊருக்கே பிசிஆர் போதாத அந்த நாட்களில், இந்த அட்டையை நோய் கண்டுபிடிக்கும் கருவியாக எல்லோரும் எதிர்பார்த்துவிட்டோம். நல்ல கிட்டாகவே இருந்திருந்தாலும் முதல் வார நோயாளிகளை அது கோட்டை விட்டிருக்கும். இதற்குப் பிறகு 2020 ஜூனில் ஐ.சி.எம்.ஆர். தெளிவாகவே சொன்னது: ஐஜிஜி பரிசோதனை கண்காணிப்புக்கு மட்டும், நோயைக் கண்டறிய அல்ல. யாரிடம் பார்க்கலாம் என்ற பட்டியலில் மருத்துவப் பணியாளர்களும் இருந்தார்கள்.

ரத்தம் எடுத்த பிறகு லேபில் என்ன செய்கிறீர்கள்?

சிவப்பு அல்லது மஞ்சள் மூடி போட்ட டியூபில் சில மில்லி ரத்தம். கொஞ்ச நேரம் நிற்க வைத்தால் உறைந்துவிடும். சென்ட்ரிஃப்யூஜில் சுற்றினால் மேலே வெளிர் மஞ்சளாகச் சீரம் பிரியும். ஆன்டிபாடி அதில்தான் இருக்கிறது.

எலைசா முறை என்றால் 96 குழி உள்ள பிளாஸ்டிக் தட்டு. ஒவ்வொரு குழியின் அடியிலும் வைரஸின் புரதத்தையோ, செயலிழக்கச் செய்த முழு வைரஸையோ ஒட்டி வைத்திருப்பார்கள். உங்கள் சீரத்தை நீர்க்க வைத்து ஒரு குழியில் விடுவோம். ஆன்டிபாடி இருந்தால் போய் ஒட்டிக்கொள்ளும், இல்லாவிட்டால் கழுவும்போது போய்விடும். அப்புறம் நிறம் கொடுக்கும் திரவம். ஆன்டிபாடி உள்ள குழி நீலமாகும். அமிலம் விட்டு நிறுத்தியதும் நீலம் சட்டென்று மஞ்சளாகும். அந்த மஞ்சள் எவ்வளவு அடர்த்தி என்பதைக் கருவி அளந்து எண்ணாகத் தரும். புனே தேசிய வைராலஜி நிறுவனம் உருவாக்கிய 'கவச்' எலைசா இந்த வகைதான். ஒரே ஓட்டத்தில் 90 பேருக்குச் சுமார் இரண்டரை மணி நேரத்தில் பார்க்கலாம் என்று 2020 மே மாதம் அறிவித்தார்கள்.

இதில் கழுவும் வேலையை லேசாக நினைக்க வேண்டாம். ஒரு குழியைச் சரியாகக் கழுவாமல் விட்டால் ஒன்றுமில்லாதவருக்கு மஞ்சள் ஏறும். அவசரப்படுத்தினால் டெக்னீஷியன் முறைப்பது இதனால்தான். பெரிய ஆய்வகங்களில் இப்போது எல்லாவற்றையும் இயந்திரமே செய்கிறது. அதை 'கிளியா' என்பார்கள்.

பாசிட்டிவ் என்று வந்தால் உண்மையிலேயே பாசிட்டிவ்தானா?

ஊரில் எவ்வளவு தொற்று இருக்கிறது என்பதைப் பொறுத்தது. விளையாட்டாகச் சொல்லவில்லை, கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு கிட், தொற்று வந்து போன 100 பேரில் 90 பேரைப் பிடிக்கிறது, தொற்றே வராத 100 பேரில் 2 பேரைத் தவறாகப் பாசிட்டிவ் என்கிறது என்று வைத்துக்கொள்வோம். மோசமான கிட் இல்லை. மருத்துவமனையில் 1,000 ஊழியர்கள். பரவல் ஆரம்பித்த புதிது, 10 பேருக்குத்தான் வந்து போயிருக்கிறது. கிட் அந்தப் பத்தில் 9 பேரைப் பிடிக்கும். மீதி 990 பேரில் சுமார் 20 பேரைச் சும்மாவே பாசிட்டிவ் என்று சொல்லும். ஆக 29 பாசிட்டிவ், அதில் உண்மை 9. மூன்றில் ஒன்றுகூடத் தேறவில்லை.

ஆறு மாதம் கழித்து அதே மருத்துவமனை, அதே கிட். இப்போது 300 பேருக்கு வந்து போயிருக்கிறது. 270 பேரைப் பிடிக்கும். மீதி 700 பேரில் 14 பேர் தவறு. 284 பாசிட்டிவில் 270 உண்மை. நூற்றுக்கு 95.

கிட் மாறவில்லை, டெக்னீஷியன் மாறவில்லை. ஆனால் முதல் மாதத்துப் பாசிட்டிவும் ஏழாம் மாதத்துப் பாசிட்டிவும் ஒன்றல்ல. தொற்று குறைவாக இருக்கும் காலத்தில் பாசிட்டிவ் வந்தவர்களுக்கு, வேறு புரதத்தைப் பார்க்கும் இரண்டாவது கிட்டிலும் ஒரு முறை பார்ப்பது நல்லது. செலவுதான், ஆனாலும் பார்க்க வேண்டும்.

பாசிட்டிவ் வந்துவிட்டது. இனி எனக்கு வராதுதானே? என்95 மாஸ்க் இல்லாமல் நோயாளியைப் பார்க்கலாமா?

கூடாது. அதிகம் கேட்கப்பட்டதும் ஆபத்தானதும் இந்தக் கேள்விதான். எங்களிடம் ஒரு வார்டு உதவியாளர் பாசிட்டிவ் முடிவை வாங்கிய கையோடு, "அப்போ இனிமே இந்த மூச்சு முட்டுற மாஸ்க் எனக்கு வேண்டாம்ல மேடம்?" என்று கேட்டார். மே மாத வெயிலில் கவச உடைக்குள் ஆறு மணி நேரம் நின்றவர் அப்படிக் கேட்டதில் தப்பே இல்லை. ஆனால் பதில் மாறாது.

முந்தைய தொற்று ஓரளவு காப்பாற்றும் என்பது உண்மை. இங்கிலாந்தில் 25,000-க்கும் மேற்பட்ட மருத்துவமனை ஊழியர்களைத் தொடர்ந்து கவனித்த 'சைரன்' ஆய்வில், ஏற்கெனவே தொற்று வந்தவர்களுக்கு மறுபடி வரும் வாய்ப்பு 84 சதவீதம் குறைவாக இருந்தது. நல்ல எண்தான். ஆனால் அது 2021 தொடக்கம் வரையிலான கதை. ஓமிக்ரான் வந்ததும் பழைய தொற்றின் பாதுகாப்பு வெகுவாகக் குறைந்து, இரண்டாம் முறை, மூன்றாம் முறை என்று வந்தது. வைரஸ் வேஷம் மாற்றும்போது உங்கள் கையில் இருக்கும் பழைய ரிப்போர்ட் தானாக மாறிக்கொள்ளாது.

இன்னொன்று. உங்களுக்கு லேசாக வந்து போகும் தொற்று, உங்கள் வார்டில் கீமோ எடுத்துக்கொண்டிருப்பவருக்கு லேசாகப் போகாது. மாஸ்க் அவருக்காகவும்தான்.

எனக்கு ஆன்டிபாடி எண் 250-க்கு மேல், தோழிக்கு வெறும் 40. எனக்குத்தானே பாதுகாப்பு அதிகம்?

அப்படிச் சொல்ல முடியாது. தடுப்பூசி போட்டபின் தனியார் லேபில் காசு கொடுத்துப் பார்த்து, வாட்ஸ்அப்பில் எண்ணைப் போட்டுப் பெருமைப்பட்ட காலம் ஒன்று இருந்தது. சில இயந்திரங்களில் 250 என்பது அளக்கக்கூடிய உச்சம். அதற்கு மேல் எதுவாக இருந்தாலும் '250-க்கு மேல்' என்றே வரும். இன்னொரு கம்பெனியின் இயந்திரத்தில் அளவுகோலே வேறு. இந்தக் குழப்பத்தைக் குறைக்கத்தான் உலக சுகாதார நிறுவனம் 2020 டிசம்பரில் ஒரு பொது அளவைக் கொண்டுவந்தது. அப்படியும் 'இந்த எண்ணுக்கு மேல் இருந்தால் தொற்று வராது' என்று ஒரு கோடு கிழிக்க முடியவில்லை. தடுப்பூசி வேலை செய்ததா என்று பார்க்க ஆன்டிபாடி பரிசோதனையைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2021 மே மாதம் அறிவுறுத்தியது.

ஏன் கோடு கிழிக்க முடியாது? ரத்தத்தில் இருக்கும் எல்லா ஆன்டிபாடியும் வைரஸைத் தடுப்பதில்லை. சில வெறுமனே ஒட்டிக்கொள்ளும். தடுக்கும் வகை எவ்வளவு என்று நேரடியாகப் பார்க்க உயிருள்ள வைரஸோடு மோதவிட வேண்டும். அதற்கு மிகுந்த பாதுகாப்பு வசதி கொண்ட ஆய்வகம் வேண்டும். மேலும், நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்களான டி செல்களின் வேலை இந்த எண்ணில் வரவே வராது.

பாதுகாப்பை அளக்க ஆட்களைத்தான் கவனிக்க வேண்டும். வேலூர் சி.எம்.சி. அதைச் செய்தது. இரண்டாம் அலையின்போது தங்கள் ஊழியர்களில் தடுப்பூசி போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டு டோஸ் போட்டவர்களுக்குத் தொற்று 65 சதவீதம் குறைவு, ஆஸ்பத்திரியில் சேர்வது 77 சதவீதம் குறைவு, ஆக்சிஜன் தேவைப்படுவது 92, ஐசியு 94 சதவீதம் குறைவு. யாருடைய ஆன்டிபாடி எண்ணையும் கேட்காமல் வந்த விடை இது.

எனக்கு பிசிஆரில் பாசிட்டிவ் வந்தது உறுதி. ஆனால் ஆன்டிபாடி நெகட்டிவ் என்கிறார்கள். எப்படி?

பல காரணம். அறிகுறியே இல்லாமலோ லேசாகவோ வந்து போனவர்களில் சிலருக்கு ஆன்டிபாடி குறைவாகவே உருவாகும். நாள் ஆக ஆகக் குறையும். கிட் சிலரைக் கோட்டை விடும்.

குறைவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு நம் மாநிலமே சாட்சி. பொது சுகாதாரத் துறை 2020 அக்டோபர்-நவம்பரில் தமிழ்நாடு முழுக்க ரத்தம் எடுத்துப் பார்த்தபோது ஆன்டிபாடி உள்ளவர்கள் 32 சதவீதத்தை ஒட்டி இருந்தார்கள். 2021 ஏப்ரலில் மறுபடி பார்த்தால் 23-ஐ ஒட்டி வந்தது. நடுவில் தொற்று பின்னோக்கிப் போகவில்லை. பழைய ஆன்டிபாடி கிட்டின் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் கரைந்திருந்தது. அடுத்த மாதமே இரண்டாம் அலை என்ன செய்தது என்று மறந்திருக்க மாட்டீர்கள். ஜூன்-ஜூலையில் அது 66 சதவீதத்தைத் தாண்டியது.

தடுப்பூசி போட்டாயிற்று. இனிமேல் இந்தப் பரிசோதனையில் அர்த்தம் உண்டா?

எந்தத் தடுப்பூசி, எந்தக் கிட் என்று பார்க்க வேண்டும். இது தெரியாமல் நிறைய பேர் குழம்பினார்கள்.

கொரோனா வைரஸில் நாம் தேடுவது பெரும்பாலும் இரண்டு புரதம். வெளியே முள் மாதிரி நிற்கும் எஸ் புரதம் ஒன்று, உள்ளே இருக்கும் 'என்' (N) புரதம் இன்னொன்று. கோவிஷீல்டு எஸ் புரதத்தை மட்டும் உடம்புக்குக் காட்டுகிறது. எனவே கோவிஷீல்டு போட்டவருக்கு 'என்' புரத ஆன்டிபாடி இருந்தால் அது தொற்றால்தான் வந்திருக்க வேண்டும். கோவாக்சின் செயலிழக்கச் செய்த முழு வைரஸ். இரண்டு புரதமும் அதில் உண்டு. ஆகவே கோவாக்சின் போட்டவருக்கு 'என்' புரத ஆன்டிபாடி வந்தாலும் அது ஊசியாலா, தொற்றாலா என்று பிரிக்க முடியாது.

2021 ஜனவரி 16-ஆம் தேதி ஊழியர்களுக்கு ஊசி போட ஆரம்பித்ததிலிருந்து, ரத்தம் எடுக்கும் படிவத்தில் ஊசியின் பெயரும் தேதியும் இல்லை என்றால் அந்த முடிவை எப்படிப் படிப்பது என்று எங்களுக்கே திண்டாட்டம்தான். 'ஊசி போட்டாச்சு' என்று மட்டும் எழுதிக் கொடுக்காதீர்கள்.

சரி, எனக்கு வராது என்றும் சொல்லாது, எப்போது வந்தது என்றும் சொல்லாது. பிறகு எதற்கு ரத்தம் கொடுக்க வேண்டும்?

நியாயமான கேள்வி. தனி ஆளாக உங்களுக்கு இதில் பெரிய லாபம் கிடையாது. லாபம் மருத்துவமனைக்கு. எந்த இடத்தில் ஓட்டை இருக்கிறது என்று அது தெரிந்துகொள்ளலாம், தெரிந்தபின் அடைக்க வேண்டும்.

இங்கிலாந்தின் பர்மிங்காம் மருத்துவமனைகளில் 2020 ஏப்ரல் கடைசியில் அறிகுறி இல்லாமல் வேலைக்கு வந்துகொண்டிருந்த ஐந்நூற்றுச் சொச்சம் பேரிடம் ஆன்டிபாடி பார்த்தார்கள். ஐசியுவில்தான் அதிகம் இருக்கும் என்று யாரும் நினைப்போம். அங்கே சுமார் 15 சதவீதம். துப்புரவுப் பிரிவில் 34 சதவீதத்துக்கு மேல். காய்ச்சலோடு புதிதாக வருபவர்களைச் சேர்க்கும் பொது மருத்துவப் பிரிவுகளிலும் 30-க்கு மேல். ஐசியுவில் எல்லோருக்கும் உயர்தர மாஸ்க், கவச உடை, பயிற்சி. துடைப்பம் எடுப்பவருக்கு அவ்வளவு கவனம் கிடைக்கவில்லை என்பதை அந்த எண் காட்டிக்கொடுக்கிறது.

நம்மூரிலும் எங்கே பார்க்க வேண்டும் என்று மருத்துவமனையில் வேலை செய்பவர்களுக்குத் தெரியும். டூட்டி முடிந்து கவச உடையைக் கழற்றும் குறுகிய அறை. ஆறு மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்துவிட்டு, மெஸ்ஸில் மாஸ்க்கை இறக்கி நெருக்கியடித்து உட்கார்ந்து சாப்பிடும் அரை மணி நேரம். ஷிஃப்ட் மாறும்போது நிரம்பி வழியும் லிஃப்ட். கோவிட் வார்டில் கவனமாக இருந்துவிட்டு, 'இது சாதாரண வார்டுதானே' என்று அசந்துவிடும் இடங்கள். பிரிவுவாரியாகப் பிரித்த ஒரு பட்டியல், பத்து கமிட்டி கூட்டத்தில் சொல்ல முடியாததை ஒரே பார்வையில் சொல்லிவிடும்.

ஊழியருக்கு வந்தது மருத்துவமனையிலா, வீட்டுப் பக்கத்திலா என்று எப்படிப் பிரிப்பீர்கள்?

ஒருவரை வைத்துப் பிரிக்க முடியாது. கூட்டமாகப் பார்த்தால் ஓரளவு தெரியும். அதற்கு ஊர்க் கணக்கும் கையில் இருக்க வேண்டும்.

சென்னைக்கு அது இருந்தது. 2020 ஜூலையில் மாநகராட்சியும், அயப்பாக்கத்தில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனமும் சேர்ந்து 12,405 பேரிடம் ஆன்டிபாடி பார்த்ததில் 21.5 சதவீதம் பேர் பாசிட்டிவ். அக்டோபரில் 32.3 சதவீதம். ஐந்தில் ஒருவர் என்றால் நகரத்தில் பத்து லட்சத்தை எளிதாகத் தாண்டும். அதே ஜூலை கடைசியில் பிசிஆரில் உறுதியானவர்கள் சுமார் ஒரு லட்சம் பேர்தான். நகரத்துக்குள்ளேயும் சமமாக இல்லை. வட சென்னையின் நெருக்கமான பகுதிகளில் மிக அதிகம். உங்கள் துப்புரவுப் பணியாளர்கள் பெரும்பாலும் தண்டையார்பேட்டையிலிருந்தும் ராயபுரத்திலிருந்தும் வருகிறார்கள், டாக்டர்கள் வேறு பகுதிகளிலிருந்து வருகிறார்கள் என்றால், இரண்டு பிரிவுக்கும் உள்ள வித்தியாசத்தில் வீட்டின் பங்கையும் கழித்துத்தான் பேச வேண்டும். இல்லையென்றால் இல்லாத ஓட்டையை அடைக்கப் போவோம். அல்லது 'எல்லாம் ஏரியாவில் வந்தது' என்று சொல்லி இருக்கிற ஓட்டையை நிர்வாகம் கை கழுவிவிடும். இரண்டாவதுதான் அதிகம் நடக்கிறது.

நாடு தழுவிய மூன்றாவது ஆன்டிபாடி கணக்கெடுப்பு 2020 டிசம்பரிலிருந்து 2021 ஜனவரி முதல் வாரம் வரை, அதாவது ஊசி ஆரம்பிக்கும் முன்பே நடந்தது. பெரியவர்களில் 21 சதவீதத்துக்குச் சற்று மேல், மருத்துவப் பணியாளர்களில் 25-க்குச் சற்று மேல். வித்தியாசம் இவ்வளவுதானா என்று எங்களுக்கே ஆச்சரியம். நாலாவது கணக்கெடுப்பில், 2021 ஜூன்-ஜூலையில், பணியாளர்கள் 85 சதவீதத்தைத் தொட்டார்கள். அதில் ஊசியின் பங்கு பெரிது.

யாரையெல்லாம் சேர்க்க வேண்டும்?

மருத்துவமனைக்குள் மூச்சு விடும் எல்லோரையும். டாக்டர், நர்ஸ் பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டு 'ஊழியர் கணக்கெடுப்பு' என்று பெயர் வைப்பது வழக்கமாகிவிட்டது. ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர், செக்யூரிட்டி, ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர், சலவைக்காரர், மெஸ்ஸில் சாம்பார் ஊற்றுபவர், ஓ.பி. சீட்டு எழுதுபவர், பிணவறை உதவியாளர், 108 வண்டி ஓட்டுநர் எல்லோரும் வேண்டும். ஒப்பந்த ஆட்கள் வேறு கம்பெனி சம்பளப் பட்டியலில் இருப்பதால் பெயரே வராது. வைரஸ் சம்பளப் பட்டியல் பார்ப்பதில்லை.

கட்டாயமா? என் முடிவு யாருக்கெல்லாம் தெரியும்?

ஆய்வாக நடத்தினால் கட்டாயப்படுத்தக் கூடாது. மேலதிகாரிக்குக் கீழே வேலை செய்பவர்கள் 'வேண்டாம்' என்று சொல்லத் தயங்குவார்கள் என்பதால் அவர்களுக்குத் தனிப் பாதுகாப்பு வேண்டும் என்று ஐ.சி.எம்.ஆரின் 2017 நெறிமுறைகளே சொல்கின்றன. ஒப்புதல் படிவம் தமிழில் இருக்க வேண்டும், படிக்கத் தெரியாதவருக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டும். 'இங்கே ஒரு கையெழுத்துப் போடும்மா' என்று சூப்பர்வைசர் நீட்டுவது ஒப்புதல் ஆகாது.

முடிவு உங்களுக்கும் ஆய்வகத்துக்கும் மட்டும். நிர்வாகத்துக்குப் பிரிவுவாரி எண்ணிக்கை போதும். ஒரு மருத்துவமனையில் பாசிட்டிவ் பட்டியலைப் பெயரோடு நோட்டீஸ் போர்டில் ஒட்டியதைக் கேள்விப்பட்டேன். அந்தப் பட்டியலில் இருந்த ஒரு சிஸ்டரை வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னாராம். ஆன்டிபாடி பாசிட்டிவ் என்றால் நோய் வந்து போய்விட்டது, இப்போது பரப்புபவர் என்று அர்த்தமில்லை என்பதை அந்த வீட்டுக்காரருக்கு யார் போய் விளக்குவது?

ஆன்டிபாடி பாசிட்டிவை வைத்து கொரோனா லீவு, இன்சூரன்ஸ் கேட்கலாமா?

அதை நம்பி இருக்காதீர்கள். எப்போது, எங்கே வந்தது என்று அது சொல்லாது. 2020 மார்ச்சில் மத்திய அரசு அறிவித்த 50 லட்ச ரூபாய் காப்பீட்டில்கூட, தொற்றை உறுதிசெய்த ஆய்வக அறிக்கை கேட்கப்பட்டது. அறிகுறி வந்த நாளே பிசிஆர் எடுத்து, அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள். வேலையில் தொற்றினால் எந்த நாள், எந்த வார்டு என்று எழுதி ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

மழைக்காலத்தில் டெங்கு கிட்டும் குழப்புகிறதே?

குழப்பும். அக்டோபர், நவம்பர் வந்தால் சென்னையில் டெங்கு ரிப்போர்ட் குவியும். டெங்குவிலும் முதல் சில நாளில் என்எஸ்1 என்ற வைரஸ் புரதத்தைத்தான் பார்க்க வேண்டும். ஐஜிஎம் ஐந்தாம் நாள் வாக்கில்தான் நம்பும்படி வரும். 2020-ல் சிங்கப்பூரில் கொரோனா நோயாளிகள் இரண்டு பேருக்கு டெங்கு ரேபிட் ஆன்டிபாடி தவறாகப் பாசிட்டிவ் காட்டியது, கொரோனா என்று தெரிய நாள் ஆகிவிட்டது. காய்ச்சல் உள்ள ஊழியருக்கு ஒரு அட்டையில் கோடு விழுந்தது என்பதற்காக மற்றதைப் பார்க்காமல் விட வேண்டாம்.

வெறும் வயிற்றில் வர வேண்டுமா? மாத்திரை எதையாவது நிறுத்த வேண்டுமா?

சாப்பிட்டுவிட்டே வாருங்கள். நைட் டூட்டி முடித்துப் பட்டினியோடு வந்து ரத்தம் கொடுத்து மயங்கி விழுபவர்கள்தான் எங்களுக்குத் தலைவலி. பி.பி., சுகர் மாத்திரை வழக்கம்போல. முடி கொட்டுவதற்கு அதிக அளவு பயோட்டின் என்ற வைட்டமின் சாப்பிட்டால் மட்டும் சொல்லுங்கள். சில இயந்திரங்களில் அது முடிவைக் கெடுக்கும்.

ஆன்டிபாடி எண்ணை நம்பக்கூடிய நோய் எதுவுமே இல்லையா?

இருக்கிறது, அதை நம் ஆட்கள் கண்டுகொள்வதே இல்லை. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி. ஊசி குத்திக்கொள்ளும் ஆபத்து தினமும் உள்ள நமக்கு இது கொரோனாவைவிடப் பழைய எதிரி. தடுப்பூசி 0, 1, 6 மாதம் என்று மூன்று டோஸ். கடைசி டோஸுக்கு ஒன்று அல்லது இரண்டு மாதம் கழித்து ஆன்டிபாடி பாருங்கள். 10 யூனிட்டோ அதற்கு மேலோ இருந்தால் பாதுகாப்பு உண்டு. பின்னால் எண் குறைந்தாலும் உடம்பு மறக்காது. அந்த முதல் பரிசோதனையிலேயே 10-க்குக் கீழ் என்றால் மறுபடி தடுப்பூசி போட வேண்டும். அது முன்கூட்டியே தெரிந்தால்தான், ஊசி குத்திய ராத்திரியில் இம்யூனோகுளோபுலின் (தயாராகக் கிடைக்கும் ஆன்டிபாடி மருந்து) தேவையா என்று டாக்டர் உடனே முடிவெடுப்பார்.

கொரோனா ஆன்டிபாடிக்குப் பல நூறு ரூபாய் செலவழித்தவர்களிடம் இதைக் கேட்டால், 'காலேஜில் ஏதோ ஊசி போட்டார்கள்' என்பார்கள். எத்தனை டோஸ் என்று நினைவிருக்காது.

ரிப்போர்ட் வந்ததும் என்ன செய்ய வேண்டும்?

நாலு விஷயம் அதில் இருக்கிறதா பாருங்கள்: ரத்தம் எடுத்த தேதி, கிட்டின் பெயர், எந்தப் புரதம், எந்த வகை ஆன்டிபாடி. 'பாசிட்டிவ்' என்று மட்டும் எழுதியிருந்தால் கவுன்டரில் கேட்டு எழுதி வாங்குங்கள். அதன் பின்பக்கத்தில் உங்கள் ஊசி தேதிகளையும் பிசிஆர் தேதியையும் பேனாவால் குறித்து, போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். லேப் சர்வரில் எல்லாம் இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். மூன்று வருஷம் கழித்து வந்து கேட்பவர்களுக்கு நாங்கள் பழைய ரிஜிஸ்டரைப் புரட்டித்தான் தேடிக் கொடுக்கிறோம், அதுவும் கிடைத்தால்.